பழநிப் பாதையில் செய்தி நடந்த கதை

தை மாதம் பிறந்துவிட்டால் மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையின் தோற்றமே மாறிவிடும். பச்சையும் காவியும் உடுத்திய மக்கள் கூட்டங்கூட்டமாகச் சாலையோரம் நடந்து செல்வர். சிலர் தோளில் காவடி இருக்கும். சிலர் தலையில் துணி மூட்டை இருக்கும். மதுரை நகருக்கு வடமேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள சமயநல்லூர், இவர்கள் நகரத்தைக் கடந்தபின் எதிர்ப்படும் முதற் பெரிய ஊர்களுள் ஒன்று. அங்கிருந்து வாடிப்பட்டி, கொடைரோடு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியே பழநி சேர வேண்டும். மதுரையிலிருந்து மொத்தம் ஏறக்குறைய 120 கி.மீ. மணிக்கு 4 கி.மீ. வீதம் நடந்தால் 30 மணி நேர நடை. ஓய்வும் உறக்கமும் சேர்த்தால் மூன்று நான்கு நாட்களாகும்.

இந்த யாத்திரிகர்களின் மூட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் இல்லாத ஒரு பொருள் இன்று தவறாமல் இருக்கிறது. அதுதான் செல்போன் என்று நாம் அழைக்கும் கைப்பேசி. நெடுநடைக்கு இது நண்பனா, பகைவனா என்பது பலர் எழுப்பும் கேள்வி. விடை காணுமுன், இதே பாதையில் செய்தி எவ்வாறு பயணம் செய்தது என்னும் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

உப்பும் காவடியும்

பழநிக்கு நடந்து செல்லும் வழக்கம் மிகப் பழமையானது. குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகச் செல்லும் நகரத்தாரின் நடைப்பயணம் இதில் புகழ்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டில் பழநிப் பகுதியில் உப்பு வாணிகம் செய்த குமரப்பன் என்னும் செட்டியாரைப் பற்றிப் பழைய பட்டயங்கள் கூறுகின்றன. வாணிகமும் வழிபாடும் அன்று ஒரே பாதையில் நடந்தன. உப்பு சுமந்து சென்றவரே ஊர்ச் செய்தியையும் சுமந்து சென்றார். எதிரே வருபவரிடம் வழியைக் கேட்பதும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதும், “எங்கள் ஊர்க்காரரைக் கண்டால் நலமென்று சொல்லுங்கள்” என்பதுமே அன்றைய செய்தித் தொடர்பு.

மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரைத் தென்னாட்டுச் சாலைகள் பல இன்றும் தாங்கி நிற்கின்றன. அக்காலச் சாலைகளில் நிழல் மரங்களும் சத்திரங்களும் இருந்தன. அவற்றோடு சுமைதாங்கிக் கற்களும் இருந்தன. இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். அதன் உயரம் நடப்பவரின் தோளளவு. தலைச் சுமையை இறக்கவோ ஏற்றவோ வேறோர் ஆளின் துணை வேண்டாம். சுமையோடு தனியே வருபவனின் தேவையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர் செய்த ஏற்பாடு இது. முகமறியாத வழிப்போக்கனைப் பற்றிக் கவலைப்படுவது இப்பாதையின் பழைய பண்பு என்பதற்கு இக்கற்களே சான்று. இதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

கால் அணாவும் தந்திக் கம்பியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை விரைவாக மாறிற்று. 1875-ஆம் ஆண்டில் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி ஆகிய ஊர்கள் இப்பாதையின் நிலையங்களாயின. இருப்புப்பாதையை ஒட்டித் தந்திக் கம்பிகளும் சென்றன. 1879-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இந்தியாவில் கால் அணா விலையில் அஞ்சலட்டை வெளியாயிற்று. ஏழை யாத்திரிகனும் “சுகமாக வந்து சேர்ந்தோம்” என்று வீட்டுக்கு எழுத இயன்றது. ஆனால் பெரும்பாலும் அட்டைக்கு முன்பே ஆள் திரும்பிவிடுவான்!

தந்தி விரைவானது, செலவும் அதிகம். ஆகவே அவசரச் செய்திக்கே அது பயன்பட்டது. தபால்காரர் தந்தி கொண்டுவந்தால் பிரித்துப் படிக்குமுன்பே வீட்டில் அழுகை தொடங்கிய காலம் உண்டு. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்றது.

இடையில் 1980-களில் ஊர்தோறும் எஸ்.டி.டி. கூண்டுகள் தோன்றின. இரவில் கட்டணம் குறைவென்பதால் அப்போது கூட்டம் மிகுதியாக நிற்கும். பின்னால் பத்துப் பேர் காத்திருப்பதும், கண்ணெதிரே மீட்டர் ஓடுவதும் பேச்சைத் தாமாகவே சுருக்கின. நெடுநேரம் பேசுபவரைக் கூண்டின் கண்ணாடியைத் தட்டி வெளியே அழைப்பார்கள். கருவி பொதுவானது என்பது அப்போது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது.

கைப்பேசி பிறந்த கதை

ஒரு பெரிய நிலப்பரப்பைத் தேன்கூட்டின் அறைகள் போலச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வானொலி நிலையம் அமைத்தால், ஒரே அலைவரிசையைத் தொலைவிலுள்ள மற்றோர் அறையில் மீண்டும் பயன்படுத்தலாம். இந்தக் கருத்தை 1947-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதி வைத்தார்கள். ‘செல்’ என்னும் பெயர் இந்த அறையைக் குறித்து வந்ததே. ஆயினும் கையில் அடங்கும் கருவி உருவாகக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் மோட்டரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர், நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார். அக்கருவியின் எடை சுமார் ஒரு கிலோகிராம். அரை மணி நேரம் பேசினால் மின்கலம் தீர்ந்துபோகும். மீண்டும் ஏற்றப் பத்து மணி நேரம் வேண்டும்.

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது முதல் அழைப்பாகும். அன்று நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு கட்டணம். நெருக்கடி நேரத்தில் 16 ரூபாய் 80 காசு. வந்த அழைப்பை எடுத்தாலும் கட்டணம் உண்டு! 2003-ஆம் ஆண்டு மே மாதம் முதல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதன்பின் கைப்பேசி கிராமங்களுக்கும் பரவிற்று. ஒரு முறை மணியடித்து நிறுத்தினால் “வந்து சேர்ந்துவிட்டேன்” என்று பொருள் கொள்ளும் ‘மிஸ்டு கால்’ வழக்கமும் நாடெங்கும் வேரூன்றியது. காசுமில்லை, சத்தமுமில்லை; செய்தி மட்டும் போய்விடும்.

எஸ்.டி.டி. கூண்டுக்கும் கைப்பேசிக்கும் உள்ள பெரிய வேற்றுமை என்ன? கூண்டின் முன் நின்ற வரிசை மறைந்துவிட்டது. கருவி தனக்கே சொந்தம் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆனால் உண்மையில் வரிசை மறையவில்லை. கண்ணுக்குப் புலப்படாமல் கோபுரத்துக்குள் சென்றுவிட்டது. இதை விளங்கிக்கொள்வது மிக அவசியம்.

கோபுரத்தில் உள்ள வரிசை

கைப்பேசிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசுவதில்லை. ஒவ்வொன்றும் அருகிலுள்ள கோபுரத்தோடு பேசுகிறது. இரண்டாம் தலைமுறை என்று அழைக்கப்படும் ஜி.எஸ்.எம். முறையில் ஓர் அலைவரிசைக் கூறினை எட்டு காலத் துண்டுகளாகப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அதாவது ஒரு கூறில் ஒரே சமயத்தில் அதிகம் போனால் எட்டு உரையாடல்கள். ஒரு கோபுரத்தில் இத்தகைய கூறுகள் சில இருக்கும். பின்வந்த தலைமுறைகள் இதைவிடப் பன்மடங்கு செய்தியைத் தாங்குகின்றன. ஆயினும் எல்லை என்று ஒன்று எப்போதும் உண்டு. வழக்கமாகச் சில ஆயிரம் பேருக்கெனத் திட்டமிட்ட கோபுரத்தின் கீழ் தைப்பூசக் கூட்டம் வந்து நின்றால் என்ன ஆகும்? அழைப்புகள் கிடைக்கா. ஒருவர் நேரலையாகக் காட்சி அனுப்பிக்கொண்டிருக்கும் அதே வேளையில், மற்றொருவர் மயங்கி விழுந்த தந்தைக்காக ஆம்புலன்சை அழைக்க முயன்றுகொண்டிருக்கக்கூடும்.

கூட்டத்தில் பேச்சைவிடக் குறுஞ்செய்தி சிறந்தது. அது மிகக் குறைந்த இடத்தைப் பிடிக்கும். எதிர்முனையில் இணைப்பு இல்லாவிட்டாலும் இடைநிலையத்தில் காத்திருந்து பின்னர் சென்று சேரும். 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துக்கள். தமிழில் 70 குறிகள். “சமயநல்லூர் வந்தோம். அனைவரும் நலம்.” என்பதற்கு இது தாராளமாகப் போதும்.

இனி மின்கலத்தைக் கவனிப்போம். கைப்பேசி ஒரு சிறு வானொலி ஒலிபரப்பி. கோபுரம் அருகிலிருந்தால் மெல்லப் பேசும். தொலைவிலிருந்தால் உரக்கப் பேசும். ஜி.எஸ்.எம். கருவி ஒன்று தேவைக்கேற்ப வாட்டில் ஆயிரத்தில் சில பங்கு முதல் 2 வாட்டு வரை ஆற்றலைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. சமதரையான சமயநல்லூரில் நாள் முழுதும் தாங்கும் மின்கலம், சிறுமலையின் மடிப்பிலோ பழநி மலைச் சரிவிலோ சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுவது இதனால்தான். கோபுரம் கிடைக்காத இடத்தில் கருவி சும்மா இருப்பதில்லை. விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். அத்தகைய இடங்களில் விமான நிலைக்கு மாற்றி வைப்பது அறிவுடைமை. குழுவாகச் செல்வோர் ஒருவர் கைப்பேசியை மட்டும் இயக்கி வைத்து, மற்றவற்றை அணைத்து வைக்கலாம். முதலாவது தீர்ந்தபின் இரண்டாவது என்று முறை வைத்துக்கொண்டால் நான்கு நாள் பயணத்துக்கும் குறைவு வராது. மடத்தில் உள்ள ஒரே மின்செருகியை நால்வர் பிடித்து வைத்துக்கொண்டு, நாற்பது பேர் காத்திருக்கும் நிலையும் வராது.

இருளும் ஒரு பொதுச் சொத்து

தைப்பூசம் முழுநிலவை ஒட்டி வருவது. ஆகவே அதற்கு முந்திய வாரம் வளர்பிறைக் காலம். வெயிலுக்கு அஞ்சி மாலையிலும் இரவிலும் நடப்பவர்க்கு, நாளுக்கு நாள் நிலவொளி கூடிக்கொண்டே வரும். கைவிளக்கு இல்லாத நம் முன்னோர் இந்த ஒளியிலேயே நடந்தனர். இது எப்படி இயன்றது? மனிதக் கண்ணின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோலணுக்கள் உள்ளன. அவற்றிலுள்ள ரொடாப்சின் என்னும் நிறமி வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். இருளில் அது மீண்டும் உருவாகிக் கண் நன்கு பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒளிமிக்க கைப்பேசித் திரையை ஒரு கணம் பார்த்தாலும் இந்தப் பழக்கம் கெடும். எதிரே வருபவர் முகத்தில் கைப்பேசி விளக்கை அடித்தால் அவர் கண்ணும் கெடும். விளக்குத் தேவையானால் தரையை நோக்கிப் பிடிப்பதே முறை.

காதும் அவ்வாறே. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. திரையைப் பார்த்தபடி இரண்டு விநாடி தலை குனிந்திருந்தால் லாரி 33 மீட்டர் நெருங்கிவிடும். காதில் பாட்டுக்கருவி செருகியவருக்கு அதன் ஓசையும் கேட்காது. வரிசையாக நடக்கும்போது ஒருவர் தடுமாறிச் சாலைக்குள் கால் வைத்தால், பின்வருபவரும் ஆபத்தில் சிக்குவார். யாத்திரிகர்கள் முதுகில் ஒளிரும் பட்டை அணிவதும், வாகனங்களை எதிர்நோக்கி வலப்புறமாக நடப்பதும் உயிர்காக்கும் பழக்கங்கள். அவற்றோடு, நின்றுதான் பேசுவேன் என்ற உறுதியும் சேரவேண்டும். பேச வேண்டியவர் சாலையைவிட்டு விலகி ஒரு மரத்தடியில் நின்று பேசட்டும். அப்போது பின்வருபவர்க்கு வழியும் கிடைக்கும். பேசுபவர் வீட்டுச் செய்தியைக் கேட்கும் கட்டாயமும் அவர்களுக்கு இராது.

இரவில் மடங்களிலும் மண்டபங்களிலும் நூற்றுக்கணக்கானோர் அருகருகே படுத்துறங்குவர். மறுநாள் 30 கி.மீ. நடக்கவேண்டிய கால்களுக்கு உறக்கமே மருந்து. அங்கே ஒலிபெருக்கியில் பேசுவதும், படம் பார்ப்பதும், விடியற்காலை நான்கு மணிக்கு அலறும் மணியை வைத்துவிட்டுக் குளிக்கச் சென்றுவிடுவதும் பிறர் நடையைத் திருடுவது போலாகும். ஆற்றிலும் குளத்திலும் பிறர் நீராடுமிடத்தில் படம் எடுப்பது இதனினும் பெரிய தவறு. வேண்டுதலோடு அழுபவரையும், கால் கொப்பளித்து உட்கார்ந்திருப்பவரையும் கேளாமல் படம் பிடிப்பதும் அதே வகையைச் சேர்ந்ததே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கி.மீ. நீளும் அப்பலாச்சியன் நடைபாதை 1937-ஆம் ஆண்டு முழுமை பெற்றது. கைப்பேசி பரவியபோது அங்கும் வாதம் எழுந்தது. சந்தடியை விட்டு விலகவே காட்டுக்கு வருகிறோம், இங்கும் மணியோசையா என்றனர் ஒரு சாரார். ஆபத்துக்கு உதவும் கருவியை ஏன் விலக்கவேண்டும் என்றனர் மறு சாரார். காட்டில் தடம் பதிக்காமல் நடப்பதற்கென அந்நாட்டில் வகுத்துள்ள ஏழு நெறிகளுள் ஒன்று, உடன் வரும் பிறரை மதித்து நடத்தல் என்பதாகும். கருவியைக் கொண்டு செல்லலாம். அதன் ஓசையைப் பிறர்மீது சுமத்தலாகாது என்பதே இரு சாராரும் ஒப்பக்கூடிய முடிவு.

குரங்கணி கற்பித்த பாடம்

கைப்பேசியின் நன்மையையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டிய துயர நிகழ்ச்சி ஒன்று மதுரைக்கு மேற்கே நடந்தது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகே குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கினர். சிக்கியவர்களுள் சிலர் கைப்பேசி வழியாக வெளியே செய்தி சொன்னார்கள். மீட்புப் பணியில் விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் ஈடுபட்டன. இருந்தும் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தி ஒளியின் வேகத்தில் செல்லும். மீட்பவர் மலைமேல் காலால் ஏறித்தான் வரவேண்டும். கைப்பேசி இருக்கிறதென்ற துணிவில் எங்கும் செல்லலாம் என எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலைநடையை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன.

மலை வழியில் செல்வோர் சில செய்திகளைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 112 என்பது நாடு முழுமைக்குமான அவசர எண். நமது நிறுவனத்தின் கோபுரம் கிடைக்காவிட்டாலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அதன் வழியே 112 அழைப்பு செல்லும். ஆனால் எந்தக் கோபுரமும் எட்டாத இடத்தில் எந்த எண்ணும் பயன்படாது. அங்கும் வேலை செய்யக்கூடியது இடங்காட்டி மட்டுமே. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் குறிப்பலைகளைக் கைப்பேசி கேட்டறிந்து தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. இதற்குக் கோபுரம் தேவையில்லை. அந்த எண்களைத் தாளில் குறித்து, குழுவில் நடக்க வல்ல இருவரிடம் கொடுத்தனுப்பினால் மீட்பவர் நேராக வந்து சேர்வர். இங்கே மீண்டும் பழைய கால்நடைத் தூதுவரே நமக்குத் துணையாகிறார்!

அற்பக் காரணத்துக்கு அவசர எண்ணை அழைப்பது கூடாது. மீட்போரின் நேரமும் கோபுரத்தைப் போலவே பொதுச் சொத்து. போகும் வழியையும் திரும்பும் நாளையும் புறப்படுமுன்பே வீட்டில் சொல்லிவிட வேண்டும். மணிக்கொரு முறை பேசுவதாக வாக்களித்துவிட்டு இணைப்பு கிடைக்காமல் போனால் வீட்டார் வீணே கலங்குவர். மாலையில் ஒரு செய்தி என்று சொல்லிவைத்தால் இருதரப்பாரும் நிம்மதியாக இருக்கலாம்.

மலையடிவாரத்தில் ஒப்படைப்பு

வழிபாட்டிடங்களில் கைப்பேசி குறித்த கருத்தும் இக்காலத்தில் மாறியுள்ளது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின், அடுத்த மாதமே அக்கோயிலுக்குள் பக்தர்கள் கைப்பேசி கொண்டு செல்லத் தடை வந்தது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யுமாறு உத்தரவிட்டது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து பழநி மலைக்கோயிலிலும் தடை நடைமுறைக்கு வந்தது. நான்கு நாள் சுமந்து வந்த கருவியை, சிறு கட்டணம் செலுத்தி ஒப்படைத்துவிட்டே முருகனைக் காணச் செல்லவேண்டும் என்றாயிற்று.

1995-இல் நாட்டுக்கு வந்த அருங்கருவி, முப்பது ஆண்டுகள் முடியுமுன்பே வாசலில் விட்டுச் செல்லவேண்டிய பொருளாயிற்று. இதைக் கருவியின் குற்றம் என்று சொல்ல இயலாது. அளவறிந்து பயன்படுத்தாத இடத்தில் சட்டம் வந்து நிற்கிறது. கோயிலுக்குள் சட்டம் உண்டு, 120 கி.மீ. சாலைக்கும் காட்டு வழிக்கும் அத்தகைய சட்டம் இல்லை. அங்கே நம் பண்பாடுதான் காவல்.

கைப்பேசியைத் தனியார் பொருள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அது இயங்குவதற்குக் கோபுரம், மின்செருகி, பிறர் உறக்கம், இரவின் இருள், மீட்போரின் உழைப்பு ஆகிய ஐந்தும் வேண்டியிருக்கின்றன; அல்லது அவற்றை அது பாதிக்கிறது. ஐந்தும் எல்லோருக்கும் பொதுவானவை. அன்று சுமைதாங்கியை நட்டவர், தமக்குப் பின்னால் யார் வருவார் என்று அறியார். எனினும் அவர் தோளின் உயரத்தை அளந்து கல்லை நிறுத்தினார். தை மாதத்தில் சமயநல்லூரைக் கடந்து வடக்கே நடக்கும் மாணவர்கள் தம் கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்குமுன், பக்கத்தில் நடப்பவரை ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். அந்தப் பழைய அளவுகோல் இன்றும் பொருந்தும்.